ருஷிய நாட்டுச் சூஸ்தால் நகர்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவிற் பண்டை இலக்கியம் ஒன்றனைப் பற்றிப் பேசுமாறே செயலாளரவர்கள் முதற்கண் எம்மைப் பணித்தனர். யாம் கோடை விடுமுறையில் ருஷிய தேசம் சென்று மீண்ட செய்தி அவர்கள் செவிக்கு எட்டியபின், "இலக்கியம் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும், கண்டு வந்ததைச் சொல்லுங்கள்" என்று மாற்றிவிட்டனர். இருபதாண்டுகளாகக் கரும்பலகையின் முன் நின்று பழகிய தமிழாசிரியனுக்கு ருஷியாவில் என்ன அலுவல் என்று நுங்களுட் சிலர் எண்ணுதல் கூடும். அலுவல் ஒன்றும் இல்லை. எம் தமக்கையார் மகன் மாஸ்கோ நகரில் மருத்துவம் பயில்கின்றான். 2022 ஆம் ஆண்டில் உக்ரைன் போர் தொடங்கிய நாள் முதலாகத் தமக்கையார்க்கு நல்ல உறக்கம் இல்லை. "நீயும் உன் வீட்டுக்காரியும் போய்ப் பிள்ளையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அவர் பன்முறை வற்புறுத்தினமையால் யாமும் எம் துணைவியாரும் புறப்பட்டோம். பிள்ளை நலமாகவே இருந்தான். ஊரில் இருந்ததினும் பருத்திருந்தான். கண்டு அமைதியுற்ற பின்னும் எமக்குப் பத்து நாட்கள் எஞ்சின.

மாஸ்கோவைப் பற்றி இங்கு யாம் ஒன்றும் கூறப்போவதில்லை. அந்நகரைப் படங்களில் யாவரும் கண்டுள்ளீர்கள். யாம் கூற வந்தது சூஸ்தால் என்னும் சிற்றூரைப் பற்றியே. "மாமா, பெருநகரம் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பழைய ருஷியாவைப் பார்க்க வேண்டுமானால் சிறிய ஊருக்குத்தான் போகவேண்டும்" என்று மருகன் எம்மை அழைத்துச் சென்றான். ருஷிய மொழியில் எமக்கு நன்றி கூறுஞ்சொல் ஒன்றே தெரியுமாகலின், ஏனையவெல்லாம் அவன் வாயிலாகவே நிகழ்ந்தன.

செல்வோர்க்குப் பயன்படுமாறு ஒன்று கூறுகின்றோம். 2022 ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டு வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அந்நாட்டிற் செல்வதில்லை. இதனை அறியாது வெறுங்கையுடன் இறங்கின் இடர்ப்பட நேரும். யாம் மருகன் கையை எதிர்பார்த்தே பத்து நாளும் கழித்தோம். மாமன்மார்க்கு இஃது உவப்பான நிலை அன்று.

மாஸ்கோவினின்றும் கிழக்கே ஏறக்குறைய 110 மைலில் விளதீமிர் என்னும் நகர் உளது. அதுகாறும் மின்சாரப் புகைவண்டியிற் சென்றோம். (புகையில்லா வண்டியைப் புகைவண்டி என்கின்றோமே என்று மருகன் நகைத்தான். பழகிய சொல்லை விட மனம் வரவில்லை.) விளதீமிரில் 1164 ஆம் ஆண்டிற் கட்டிய பொன்வாயில் என்னும் கோட்டை வாயிலையும், பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெருந் தேவாலயத்தையும் கண்டோம். அதன் உட்சுவரில் 1408 ஆம் ஆண்டில் ஆந்திரேய் ருப்லியோவ் என்னும் துறவியார் தம் தோழரோடு தீட்டிய ஓவியங்களிற் சில இன்றும் உள்ளன. அவற்றைப் பற்றித் தனியே ஒரு நாள் பேசலாம். அங்கிருந்து வடக்கே 16 மைல் பஸ்ஸிற் சென்றால் சூஸ்தால்.

அவ்வழியிற் காடு இல்லை. ருஷியாவின் அப்பகுதி பெரும்பாலும் காடு அடர்ந்தது. சூஸ்தாலைச் சூழ்ந்த நிலமோ மரமற்ற வெளியாய், கரிய வளமண்ணாய், அலையலையாகத் தாழ்ந்தும் எழுந்தும் கிடக்கின்றது. உழவுத் தொழிலை அறிந்த நம்மவர் எவரும் அம்மண்ணைக் கண்டால் ஒரு பிடி அள்ளிப் பார்ப்பர். எம் துணைவியார் அங்ஙனமே செய்தனர். அவ்விளைநிலமே அவ்வூரை முதலிற் பெரிதாக்கியது. 1024 ஆம் ஆண்டில் அப்பகுதியில் வற்கடம் நேர்ந்து, பழஞ் சமயப் பூசாரிகள் மக்களைத் திரட்டிக் கலகம் விளைத்தனர் என்று ருஷிய நாளாகமம் கூறும் இடத்தில் சூஸ்தாலின் பெயர் முதன்முறையாக வருகின்றது. பசியினாலே வரலாற்றில் இடம்பெற்ற ஊர் அது. மாஸ்கோவின் பெயர் அந்நாளாகமங்களில் 1147 இல் தான் தோன்றும். ஆகவே சூஸ்தால் மாஸ்கோவுக்கு நூற்றிருபத்து மூன்றாண்டு மூத்தது. 2024 இல் ஆயிரமாண்டு நிறைவைக் கொண்டாடியது. ஒரு காலத்தில் அரசிருக்கையாய் விளங்கிய அவ்வூரில் இன்று வாழ்வோர் ஏறத்தாழப் பதினாயிரவர். நம் தாலுகா ஊர்கள் பல அதனிற் பெரியன.

அவ்வாறு சிறுத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. மாஸ்கோவினின்றும் நீழ்னிநோவ்கரது என்னும் வணிக நகர்க்கு இட்ட இருப்புப்பாதை 1862 இல் முற்றுப்பெற்றது. அது விளதீமிர் வழியே சென்றது, சூஸ்தாலை அணுகவில்லை. வணிகம் அகன்றது, ஆலைகள் வரவில்லை. வேறு ஊர்களிற் பழையன இடிந்து புதியன எழுந்த காலத்தில், சூஸ்தாலில் இடித்துக் கட்டப் பொருள் உடையார் இல்லை. அதனால் முப்பதுக்குக் குறையாத தேவாலயங்களும் ஐந்து மடங்களும் அச்சிற்றூரில் நின்றுவிட்டன. சோவியத்து ஆட்சியில் இடிபட்டனவும் உள. எனினும் 1967 அளவில் அவ்வூரைப் பொருட்காட்சி நகராகப் பேணத் தொடங்கினர். அதே ஆண்டில் யூரி பிச்கோவ் என்னும் பத்திரிகையாளர் மாஸ்கோவைச் சூழ்ந்த பழைய ஊர்களைத் தொடர்ந்து எழுதி, அவற்றுக்குப் 'பொன் வளையம்' என்று பெயரிட்டார். 1992 இல் விளதீமிர், சூஸ்தால் ஆகியவற்றின் வெண்கற் கட்டடங்கள் உலக மரபுச் செல்வங்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டன.

ஊரின் நடுவே கமென்கா என்னும் சிற்றாறு வளைந்து வளைந்து ஓடுகின்றது. ஆறு எனினும் நம் ஊர் வாய்க்கால் அளவினதே. அதன் வளைவு ஒன்றில், மண்ணாற் குவித்த பழைய அரணுக்குள் கிரெம்லின் என்னும் அகநகர் உளது. மாஸ்கோவில் மட்டுமே கிரெம்லின் உண்டு என்று எண்ணியிருந்தோம். பழைய ருஷிய நகர்கள் பலவற்றிற்கும் அஃது உண்டு. அதனுள் நிற்கும் பெருந் தேவாலயம் 1225 இற் கட்டி முடிக்கப்பெற்றது. கீழ்ப்பகுதி வெண்கல், 1445 இல் மேற்பகுதி இடிந்து வீழ, பின்னர்ச் செங்கல்லாற் கட்டி முடித்தனர். கருநீல வண்ணக் குவிமாடங்கள் ஐந்தின் மேலும் பொன் விண்மீன்கள் பதித்துள்ளனர். அதனினும் எம்மைக் கவர்ந்தன அதன் கதவுகள். செப்புத் தகட்டைக் கருமையாக்கி, அதிற் கோடு கீறி, அக்கோட்டினுட் பொன்னைத் தீயால் ஏற்றி உருவங்கள் வரைந்துள்ளனர். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பொன் இன்றும் மங்கவில்லை. 1238 இல் மங்கோலியப் படை அவ்வூரை எரித்தபோதும் அழியாது எஞ்சியவை அவை.

தேவாலயங்களைப் பார்த்துக்கொண்டே செல்லுகையில் ஒன்றை உற்று நோக்கினோம். எங்கும் இரண்டிரண்டாகவே நிற்கின்றன. ஒன்று உயர்ந்து மாடங்களோடு விளங்க, அருகே மற்றொன்று ஓட்டு வீடு போலத் தாழ்ந்து கிடக்கின்றது. மருகனை வினவினோம். அவனும் அறியாது, வாயிலில் வெள்ளரிக்காய் ஊறுகாய் விற்ற மூதாட்டியாரைக் கேட்டான். உயர்ந்தது கோடைக் கோயில். தாழ்ந்தது மாரிக் கோயில். பனிக்காலத்தில் உயர்ந்த கட்டடத்தைச் சூடேற்ற இயலாதாகலின், கணப்பு மூட்டுதற்கு ஏற்பச் சிறிதாய் ஒன்றைக் கட்டிக்கொண்டனர். ஒரே இறைவனுக்கு இரண்டு வீடு, குளிருக்கு அஞ்சி! அம்மூதாட்டியாரின் ஊறுகாயும் நன்றாயிருந்தது. சூஸ்தால் வெள்ளரிக்காய்க்குப் பெயர் பெற்றது; ஆண்டுதோறும் கோடையில் வெள்ளரி விழா ஒன்றும் நடக்கின்றது.

உணவைப் பற்றித் தாய்மார்கள் கேட்பீர்கள். மரக்கறி உண்போர் பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. கரிய ரொட்டி, பாப்பரைக் கஞ்சி, உருளைக்கிழங்கு, புளித்த பாலேடு, காளான் ஆகியன எங்கும் கிடைக்கும். தேனை நொதிக்க வைத்த பானம் ஒன்றை அவ்வூரார் பெருமையுடன் தருவர். அதில் மயக்கம் உண்டென்று அறிந்து மறுத்துவிட்டோம். தேனும் இஞ்சியும் கிராம்பும் இட்டுக் காய்ச்சிய மற்றொரு சூடான நீர் உண்டு. அதைப் பருகியதும் எம் துணைவியார், "இது நம் சுக்கு நீர்தானே!" என்று மகிழ்ந்து மற்றொரு கோப்பை கேட்டனர்.

ஆற்றின் மறுகரையில் மரக் கட்டடங்களின் பொருட்காட்சிசாலை ஒன்று உளது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் அழியும் நிலையில் இருந்த மரக் கோயில்களையும் உழவர் வீடுகளையும் காற்றாலைகளையும் கட்டை கட்டையாகப் பிரித்துக் கொணர்ந்து அங்கே மீளக் கூட்டியுள்ளனர். 1756 ஆம் ஆண்டுக் கோயில் ஒன்றன் மாடங்களை மரச் செதில்களால் மீன் செதில் போல வேய்ந்துள்ளனர். வெயிலிலும் மழையிலும் நரைத்து அம்மரம் வெள்ளிபோல ஒளிர்கின்றது.

வடக்கே செம்மதில் சூழ ஓங்கி நிற்பது 1352 இல் நிறுவிய ஆடவர் துறவுமடம். முக்கால் மைல் அளவு சுற்றிய மதில், பன்னிரண்டு கோபுரங்கள். மணியடிப்பவர் ஒருவர் கயிறுகளைக் கையிலும் காலிலும் பூட்டிக்கொண்டு பல மணிகளை ஒருங்கே இசைக்கின்றார். நாதசுரக் கச்சேரி கேட்பார் போல மக்கள் அமைதியாய் நின்று கேட்டனர். 1612 இல் போலந்துப் படையினின்றும் மாஸ்கோவை மீட்ட பழார்ஸ்கி என்னும் கோமகனின் கல்லறையும் அங்குளது. அம்மணியோசை செவியில் இருக்கும்போதே எம்மை மற்றொரு வாயிலுக்கு அழைத்துச் சென்றனர். அது சிறை.

1766 இல் இரண்டாம் காதரீன் அரசி மனநிலை பிறழ்ந்த குற்றவாளிகளை அடைத்தற்கென்று மடத்தினுள் அச்சிறையை ஏற்படுத்தினார். பின்னர் அரசும் திருச்சபையும் வெறுத்தோரும் அங்கே அடைபட்டனர். 1825 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் பங்குகொண்ட குற்றத்துக்கு ஆளான ஷகோவ்ஸ்கோய் என்னும் கோமகன் 1829 இல் அங்கே உண்ணாதிருந்து உயிர் நீத்தார். 1905 வரை அச்சிறை இருந்தது. இரண்டாம் உலகப் போரில், ஸ்தாலின்கிராதிற் பிடிபட்ட ஜெர்மானியத் தளபதி பவுலஸை 1943 இற் சிறிது காலம் வைத்திருந்ததும் அம்மடத்திலேதான். மணிமேடைக்கும் சிறைக்கும் இடையே நூறு அடிகள் இருக்குமோ, ஐயமே. உள்ளிருந்தோர் நாள்தோறும் அம்மணியைக் கேட்டிருப்பர்.

அம்மடத்தின் மதில்மேல் நின்று நோக்கினால், ஆற்றுக்கு அப்பால் தாழ்ந்த புல்வெளியில் வெண்ணிற மதிலுடன் மற்றொரு மடம் தோன்றும். அதன் பெயர் பக்ரோவ்ஸ்கி. 1364 இல் தோன்றிய துறவுமகளிர் மடம். எம் பேச்சின் எஞ்சிய பகுதி பெரும்பாலும் அதனைப் பற்றியதே.

மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் வசீலி என்பான் 1505 இல் சொலமோனியா என்னும் மங்கையை மணந்தான். ஆண்டுகள் பல சென்றும் மகப்பேறு இல்லை. மகவு வேண்டி அரசன் கோயில்களுக்கு வாரி வழங்கினான்; சூஸ்தாலில் உள்ள இம்மடத்தின் பெருங்கோயிலும் அவன் கொடையால் எழுந்ததே. மரத்திற் குருவிக்கூடு கண்டு, பறவைக்கு உள்ள பேறும் தனக்கில்லையே என்று அவன் அழுதான் என நாளாகமம் ஒன்று கூறும். அரசி அழுததை எந்த நாளாகமக்காரரும் எழுதவில்லை. இருபதாண்டு இல்லறத்துக்குப் பின், 1525 இல், அவளை விலக்கித் துறவியாக்க அரசன் துணிந்தான். துறவிகளுள்ளும் சிலர் இது முறையன்று என்றனர், கேட்பார் இல்லை. துறவாடையை அவள் ஏற்க மறுத்துக் காலால் மிதித்தாள் என்றும், அரசனுடைய அலுவலன் ஒருவன் அவளைச் சாட்டையால் அடித்தான் என்றும் அக்காலத்தில் மாஸ்கோவுக்குத் தூது வந்த ஹெர்பர்ஸ்டைன் என்பார் தம் நூலிற் குறித்துள்ளார். சோபியா என்னும் துறவுப் பெயருடன் சூஸ்தாலுக்கு அனுப்பப்பட்டாள். மகவு வேண்டி எழுப்பிய கோயிலே, மகவில்லாக் குற்றத்துக்கு அவளை அடைக்கும் இடமாயிற்று.

1526 தொடக்கத்தில் அரசன் எலேனா என்பாளை மணந்தான். அவளுக்கும் நான்காண்டு மகவில்லை. 1530 இற் பிறந்த மகனே, உலகம் அஞ்சிய நான்காம் இவான்.

இனி நிகழ்ந்ததை ஊரார் கூறுமாறு கூறுகின்றோம். மடத்துக்கு வந்தபின் சோபியா ஓர் ஆண் மகவை ஈன்றாள் என்று ஒரு வதந்தி மாஸ்கோவில் எழுந்தது. ஆராய்தற்கு ஆட்கள் வந்தனர். குழந்தை இறந்துவிட்டது என்று அவள் கூறிக் கல்லறை ஒன்றையும் காட்டினாளாம். வரலாற்றாசிரியர் பலர் இதனைக் கதை என்றே தள்ளுவர். ஆயினும் 1934 இல், கோயிலின் அடித்தளத்தில் இருந்த கல்லறைகளை ஆராய்ந்தபோது, சோபியாவின் கல்லறைக்கு அருகே ஒரு சிறிய கல்லறை வெளிப்பட்டது. அதனுள் எலும்பு இல்லை. முத்துக்கள் தைத்த பட்டுச் சட்டை ஒன்று, உள்ளே கந்தல் திணித்த பாவை வடிவில் இருந்தது. அவ்வூர்ப் பழம்பொருள்களைக் காத்தலிலே வாழ்நாளைச் செலவிட்ட வர்கானோவ் என்னும் அறிஞர் அதனைக் கண்டெடுத்தார். அச்சட்டையைச் செப்பனிட்டுப் பொருட்காட்சியில் வைத்தனர். சிறு பையன் அணியும் அளவினது.

கண்ணாடிக்குள் இருந்த அச்சட்டையின் முன் எம் துணைவியார் நெடுநேரம் நின்றனர். மருகன் "போகலாமா அத்தை?" என்று இருமுறை அழைத்தான். அவர் திரும்பவில்லை. பின்னர், "யாருக்கு அளவெடுத்துத் தைத்தாளோ!" என்று மட்டும் கூறினார்.

சங்கத்துப் பெரியோர்களே! எமக்கு மணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன, மகப்பேறு இல்லை. இதனை நீவிர் யாவிரும் அறிவீர். பன்னிரண்டாம் ஆண்டில், மற்றொரு மணம் செய்துகொள்ளுமாறு எமக்கு அறிவுரை கூறியவர்கள் இவ்வவையிலும் உளர். எம்பால் உள்ள அன்பினாலேயே கூறினர் என்பதை யாம் அறிவோம். அவர்பால் எமக்குச் சினம் இல்லை. யாம் மறுத்தோம், அத்துடன் எம்மளவில் அது முடிந்தது. ஆண்மகனுக்கு அஃது ஒருநாட் பேச்சு. எம் துணைவியார்க்கோ அப்பேச்சு முடியவில்லை. எத்தனை கோயில் மரங்களில் தொட்டில் கட்டினார் என்பது எமக்குக் கணக்குத் தெரியாது. நான்காண்டுகட்கு முன் எம் தமக்கையாரின் மூத்த மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது, விடியுமுன் எழுந்து ஐந்து வகைச் சோறும் சமைத்தவர் அவர். பெண்டிர் வளையலிடும் வேளையில் ஒருவரும் அவரை அழைக்கவில்லை. அவரும் அடுக்களையைவிட்டு வரவில்லை. யாம் வாயிற் பந்தலில் அமர்ந்து விருந்தினரோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தோம். சூஸ்தாலிலேதான் அது எமக்கு நினைவுக்கு வந்தது.

மறுநாட் காலை அம்மடத்துக்குள் சென்றோம். 1992 முதல் அங்கே மீளத் துறவுமகளிர் வாழ்கின்றனர். பெண்டிர் தலையை மூடிக்கொண்டே செல்லல் வேண்டும். எம் துணைவியார் முன்றானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டனர். சேலையை வியந்து நோக்கிய இளந் துறவிநங்கை ஒருவர் புன்னகையுடன் வழிவிட்டார். உள்ளே ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. காய்கறிப் பாத்திகளில் நங்கையர் இருவர் நாற்று நட்டுக்கொண்டிருந்தனர். மகா பீட்டர் மன்னனும் தன் முதல் மனைவியை 1698 இல் இம்மடத்துக்கே அனுப்பினான் என்பதை அவ்வமைதியை நோக்கினோர் நம்பார். சோபியா 1542 இல் மறைந்தார். பிற்காலத்தில் ருஷியத் திருச்சபை அவரைப் புனிதராக ஏற்றது. அவர் உடலெச்சம் வைத்துள்ள பேழையின் முன், மகப்பேறு வேண்டும் பெண்டிர் வந்து வணங்குகின்றனர்! மலடி என்று துரத்தப்பட்டவள் இன்று பிள்ளைவரம் தருபவளாய் நிற்கின்றாள். யாம் சென்றபோதும் இளம் பெண் ஒருத்தி மெழுகுவத்தி ஏற்றி, நெற்றியைப் பேழைமேல் வைத்து நின்றாள். எம் துணைவியாரும் ஒரு மெழுகுவத்தி வாங்கி ஏற்றினர். என்ன வேண்டினீர் என்று யாம் கேட்கவில்லை. வெளியே வந்து அவரே கூறினார்: "எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்காகக் கேட்டேன்."

சூஸ்தாலுக்குக் கிழக்கே மூன்று மைலுக்குள் கிதேக்ஷா என்னும் சிற்றூர் உளது. கமென்கா ஆறு நேர்ல் என்னும் ஆற்றிற் கலக்குமிடம். மாஸ்கோவை நிறுவியவனாகக் கருதப்படும் யூரி தல்கரூக்கி 1152 இற் கட்டிய வெண்கற் கோயில் ஆற்றங்கரையில் தனித்து நிற்கின்றது. அருகே மணிக்கூண்டு ஒன்று சற்றே சாய்ந்துளது. பார்த்தற்கு அரைமணி போதும்; அமர்ந்திருத்தற்கு அரைநாளும் போதாது. நீர் மெல்லச் சென்றது. குயிலினும் சிறிய புள் ஒன்று புதருள் இடைவிடாது பாடியது. அதுவே நைட்டிங்கேல் என்றான் மருகன்.

திரும்புகையில், விளதீமிருக்கு அருகே பகல்யூபவா என்னும் ஊரில் இறங்கினோம். யூரியின் மகன் ஆந்திரேய் அங்கே அரண்மனை கட்டி வாழ்ந்து, 1174 இல் தன் சுற்றத்தார் சூழ்ச்சியால் அவ்வரண்மனையிலேயே கொலையுண்டான். படிக்கட்டுக் கோபுரம் இன்றும் நிற்கின்றது. அங்கிருந்து இருப்புப்பாதையை மேம்பாலத்தாற் கடந்து, ஒரு மைல் அளவு புல்வெளியூடே நடந்தால், நேர்ல் ஆற்றின்மேல் உள்ள அன்னையின் கோயிலை அடையலாம். வண்டிகள் செல்லா, நடந்தே போதல் வேண்டும். பனி உருகும் காலத்தில் வெள்ளம் பெருகி அக்கோயில் தீவு போலாகிவிடும். யாம் சென்ற வைகாசித் தொடக்கத்தில் நீர் வடிந்து, குட்டைகள் ஆங்காங்கு எஞ்சியிருந்தன. வெளி முழுதும் மஞ்சட் பூ.

கோயில் சிறியது, ஒரே மாடம், எண்பதடி உயரம் இருக்கும். 1165 அளவிற் கட்டியது. சுவரின் மேற்பகுதியில் தாவீது அரசன் யாழ் இசைக்க, சிங்கங்களும் பறவைகளும் சூழ்ந்து கேட்கும் சிற்பம் உளது. கோயில் ஒரு மேட்டின்மேல் நிற்கின்றது. இயற்கை மேடு என்றே பலரும் கருதினர். வரோனின் என்னும் ஆராய்ச்சியாளர் 1950 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்து பார்த்தார். வெள்ளத்துக்கு அஞ்சி, அடிப்படைக்கு மேல் பன்னிரண்டடி உயரம் கற்சுவர் எழுப்பி, உள்ளும் புறமும் மண்ணிட்டு அம்மேட்டையே மக்கள் ஆக்கியிருந்தனர். கட்டடத்தின் அருமையான பகுதி மண்ணுக்குள் மறைந்து கிடக்கின்றது. 1784 இல் இதனை இடித்துக் கல்லை எடுத்துக்கொள்ள அருகிருந்த மடத்துத் தலைவரே இசைவு பெற்றார் என்றும், இடிப்பதற்குக் கேட்ட கூலி மிகையாயிருந்தமையால் கைவிட்டார் என்றும் கூறுப. கூலி சற்றுக் குறைந்திருப்பின் யாம் வெறும் புல்வெளியைக் கண்டு திரும்பியிருப்போம்.

ஆந்திரேய் மன்னன் போரின் பின் இறந்த தன் மகன் இஸ்யஸ்லாவின் நினைவாக இக்கோயிலை எழுப்பினான் என்பது மரபு. மருகன் இதனைக் கூறியபோது, கரையில் அமர்ந்திருந்த எம் துணைவியார், "பெற்றவனுக்கும் கடைசியில் கல்தான் மிஞ்சியது" என்றனர். சிறிது நேரங்கழித்து, மருகனை நோக்கி, "தம்பி, உன் தங்கைக்கு ஆவணியில் ஏழாம் மாதம் அல்லவா? வளையல் வாங்கவேண்டும், மாஸ்கோவில் கண்ணாடி வளையல் கிடைக்குமா?" என்று கேட்டனர். கிடைக்காது அத்தை என்று அவன் நகைத்தான். யாம் நகைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் தமக்கையாரிடம் பேசினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின் அழுதார். ஆவணித் திங்கள் மூன்றாம் வெள்ளிக்கிழமை எம் இளைய மருகிக்கு எம் இல்லத்திலேயே வளைகாப்பு நடைபெறும். முதல் வளையலை எம் துணைவியார் இடுவர். நுங்கள் இல்லத்துப் பெண்டிர் அனைவரும், மகப்பேறு உடையாரும் இல்லாரும், வந்திருந்து வாழ்த்துமாறு இவ்வவையிலேயே அழைக்கின்றோம். தனி அழைப்பிதழ் அச்சிடவில்லை.